எண்ணுவதா, கேட்பதா, இரண்டுமா? ஆய்வு முறையைத் தேர்ந்தெடுப்பது எப்படி

முதுகலை இறுதியாண்டில் ப்ராஜெக்ட் தலைப்புக் கொடுக்கும் நேரம் வந்துவிட்டால், தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் மயிலாடுதுறையிலும் மாணவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: "நீ குவாண்டியா, குவாலியா?" எண்ணி ஆராய்பவரா, பேசி ஆராய்பவரா என்று அர்த்தம். ஏதோ ரத்த வகையைக் கேட்பது போல. பதிலும் தயாராகவே இருக்கும். கணக்கு வராது, அதனால் நேர்காணல் எடுக்கிறேன் என்பார் ஒருவர். ஊர் ஊராகப் போய் உட்கார்ந்து பேச நேரமில்லை, கூகுள் ஃபார்ம் அனுப்பி எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் போட்டுவிடுவேன் என்பார் இன்னொருவர். கைடு சொன்னார் என்று இரண்டையும் எடுத்துக்கொண்டு முழிப்பவர் மூன்றாமவர்.

மூவருமே முறையை முதலில் கையில் எடுத்துக்கொண்டு, அதற்குத் தோதான கேள்வியைப் பிறகு தேடுகிறார்கள். கேள்விதான் முறையை முடிவு செய்ய வேண்டும் என்று எல்லாப் பாடநூல்களும் சொல்கின்றன. எப்படி முடிவு செய்யும் என்பதைத்தான் பல நூல்கள் ஒற்றை வரியில் கடந்துவிடுகின்றன. அதையே இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். உதாரணத்துக்கு டெல்டாவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் ஒன்று போதும்: அறுவடையான நெல்லை விவசாயி எங்கே, எப்படி விற்கிறார்?

பின்னணி தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் அறுவடைக் காலத்தில் ஊர்களில் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களைத் திறக்கிறது. மத்திய அரசின் ஆதரவு விலையோடு மாநில அரசின் ஊக்கத்தொகையும் சேர்ந்து கிடைக்கும். ஆனால் வரிசையில் காத்திருக்க வேண்டும், நெல்லின் ஈரப்பதம் வரம்புக்குள் இருக்க வேண்டும், சிட்டா, அடங்கல் என்ற நில, சாகுபடிப் பதிவுகள், ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் வேண்டும். வியாபாரியோ களத்துக்கே லாரியோடு வருவார். விலை பெரும்பாலும் குறைவு. பணம் உடனே கையில்.

"நெல் கொள்முதலும் டெல்டா விவசாயிகளும்" என்று யாராவது தலைப்பு வைத்தால், அது தலைப்புதான், இன்னும் கேள்வி ஆகவில்லை. அதற்குள்ளே பல கேள்விகள் இருக்கின்றன. கீழ்வேளூர் வட்டத்தில் சிறு விவசாயிகளில் எத்தனை சதவீதம் பேர் கொள்முதல் நிலையத்தில் விற்கிறார்கள்? இது ஒரு கேள்வி. விலை குறைவு என்று தெரிந்தே ஒருவர் வியாபாரியிடம் விற்கும் முடிவுக்கு எப்படி வருகிறார்? இது வேறு கேள்வி. வியாபாரியிடம் விற்பவர்கள் சொல்லும் காரணங்களில் எது எவ்வளவு பரவலாக இருக்கிறது? இது மூன்றாவது வகை. முதலாவதற்கு எண்ண வேண்டும். இரண்டாவதற்கு உட்கார்ந்து கேட்க வேண்டும். மூன்றாவதில் காரணங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு எண்ண வேண்டும். அளவுசார் ஆய்வு, பண்புசார் ஆய்வு, கலப்பு முறை ஆய்வு என்ற மூன்று பெயர்களும் ஏறக்குறைய இந்த மூன்றைத்தான் குறிக்கின்றன.

உங்கள் கேள்வி எந்த வகை என்று சட்டென்று பிடிபடவில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில் நீங்கள் எழுத ஆசைப்படும் ஒரு வாக்கியத்தை இப்போதே கற்பனையாக எழுதிப் பாருங்கள். விவரம் தெரியாத இடத்தில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். "இந்த வட்டத்தில் சிறு விவசாயிகளில் ____ சதவீதம் பேர் வியாபாரியிடம் விற்கிறார்கள், குத்தகைதாரர்களிடம் இந்த விகிதம் ____" என்று எழுதினால், கோடிட்ட இடத்தில் எண்தான் உட்காரும். "வியாபாரியிடம் விற்பது விவசாயிக்கு வெறும் விற்பனை அல்ல, அது ____" என்று எழுதினால், அங்கே எந்த எண்ணைப் போட்டாலும் வாக்கியம் நிற்காது. விளக்கம் வேண்டும். "____ சதவீதம் பேர் இப்படிச் செய்கிறார்கள், அதற்குக் காரணம் ____" என்று வந்தால் இரண்டும் தேவை. மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தப் பயிற்சியைத்தான். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். முன்மொழிவை இரண்டு முறை திருத்தி எழுதும் வேலை மிச்சம்.

எண்ணப் போகிறவர்களுக்கு

அளவுசார் ஆய்வு என்றதும் புள்ளியியல் சோதனைகளை நினைத்துப் பயப்படுகிறார்கள். டி-டெஸ்ட்டும் கை-ஸ்கொயரும் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளக்கூடியவை. கஷ்டமான இடம் அதற்கு வெகு முன்னால், வினாப்பட்டியலின் முதல் பக்கத்தில் இருக்கிறது.

"உங்களுக்கு எவ்வளவு நிலம்?" என்று ஒரு கேள்வி வைக்கிறீர்கள். ஒருவர் மூன்று ஏக்கர் என்பார். பக்கத்து வீட்டுப் பெரியவர் பத்து மா என்பார். பூர்வீகச் சொத்தைப் பற்றிப் பேசும்போது வேலிக் கணக்கு வரும். தஞ்சைப் பக்கக் கணக்கில் மூன்று மா ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி. இது தெரியாமல் வந்த எண்களை அப்படியே எக்செலில் தட்டினால், பத்து மாக்காரர் உங்கள் ஆய்வில் பத்து ஏக்கர் வைத்திருக்கும் பெரிய விவசாயி ஆகிவிடுவார். நிஜத்தில் அவரிடம் இருப்பது மூன்றரை ஏக்கருக்கும் குறைவு. விளைச்சலும் இப்படித்தான். கொள்முதல் நிலையத்தில் ஒரு சிப்பம் 40 கிலோ. ஊர்ப் பேச்சில் மூட்டை என்றால் 60 கிலோவாகவும் இருக்கலாம், இடத்துக்கு இடம் கூடக் குறையவும் இருக்கலாம். "ஏக்கருக்கு 30 மூட்டை" என்ற பதிலை எடை கேட்காமல் எழுதிக்கொண்டால், அந்த நெடுவரிசை முழுவதும் வீண். எத்தனை உயர்ந்த சோதனையை அதன் மேல் ஓட்டினாலும் தேறாது.

அடுத்தது யாரைக் கேட்பது என்பது. ஊரில் இருக்கும் எல்லோரையும் கேட்க முடியாது. சிலரைக் கேட்டு எல்லோரையும் பற்றிச் சொல்லப் போகிறோம். அந்தச் சிலர்தான் மாதிரி. மாதிரியை எடுக்க ஒரு முழுப் பட்டியல் வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் நிலப் பதிவுகளை வைத்துப் பட்டியல் போடலாம் என்று தோன்றும். ஆனால் டெல்டாவில் கோயில் நிலமும் மடத்து நிலமும் ஏராளம். குத்தகையும் ஏராளம், அதிலும் வாய்மொழிக் குத்தகை எந்தக் காகிதத்திலும் இருக்காது. பதிவேட்டிலிருந்து எடுத்த மாதிரியில் நிலச் சொந்தக்காரர் வருவார். அவர் சென்னையில் இருப்பார். வயலில் இறங்கி உழைத்த குத்தகைதாரர் உங்கள் ஆய்வில் பிறக்கவே மாட்டார். வீடு வீடாகப் போய் யார் எந்த நிலத்தில் சாகுபடி செய்கிறார் என்று நீங்களே ஒரு சிறு கணக்கெடுப்பு நடத்திப் பட்டியல் தயாரிப்பதுதான் சரியான வழி. இரண்டு ஊர் என்றால் இது முடியக்கூடியதே.

பட்டியல் தயாரான பிறகு குலுக்கல் முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டீக்கடையில் இருப்பவர்களைக் கேட்டுவிட்டு வருவது வேலையைச் சுலபமாக்கும்தான். ஆனால் காலை பத்து மணிக்கு டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர் ஆண், அன்று வேலைக்குப் போகாதவர், பேச்சில் ஆர்வமுள்ளவர். நாற்று நட வயலுக்குப் போன பெண்களில் ஒருவர்கூட அங்கே இருக்க மாட்டார்.

எத்தனை பேர் போதும்? நம் ஊர் ஆய்வேடுகளில் 384 என்ற எண் திரும்பத் திரும்ப வரும். பலர் அதை மந்திரம் மாதிரி எழுதிவைக்கிறார்கள். பெரிய மக்கள்தொகை ஒன்றிலிருந்து குலுக்கல் முறையில் ஆட்களை எடுத்து, 95 சதவீத நம்பிக்கை அளவில் (இப்படி நூறு முறை மாதிரி எடுத்தால் ஏறக்குறைய 95 முறை கணக்கு சரியாக இருக்கும் என்ற அளவு), முடிவு 5 சதவீதப் புள்ளி மேலோ கீழோ இருக்கலாம் என்று ஏற்றுக்கொண்டால் கிடைக்கும் எண் அது. கிரெஜ்சி, மோர்கன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1970-இல் வெளியிட்ட அட்டவணையில் மொத்தம் 1,000 பேர் என்றால் 278 பேர் போதும் என்று இருக்கும். 100 பேரைக் கேட்டு அதில் 60 பேர் வியாபாரியிடம் விற்றதாகத் தெரிந்தால், உண்மை அளவு சுமார் 50-லிருந்து 70 சதவீதத்துக்குள் எங்கோ இருக்கிறது என்றுதான் சொல்ல முடியும். 400 பேரைக் கேட்டால் அந்த இடைவெளி 55-க்கும் 65-க்கும் இடையில் சுருங்கும். மாதிரியை நான்கு மடங்காக்கினால்தான் பிழை பாதியாகிறது என்பதைக் கவனியுங்கள். இன்னொன்றும் உண்டு. இந்தக் கணக்கெல்லாம் குலுக்கலில் எடுத்த மாதிரிக்கு மட்டும்தான் பொருந்தும். பேருந்து நிலையத்தில் கண்ணில் பட்டவர்களைக் கேட்டுவிட்டு "மாதிரி அளவு 384" என்று எழுதுவதில் அந்த எண்ணுக்கு எந்த வேலையும் இல்லை.

காரணம் காட்டும் ஆசையும் எண்களோடு சேர்ந்தே வரும். கொள்முதல் நிலையத்தில் விற்றவர்களின் வருமானம் அதிகம் என்று உங்கள் அட்டவணை காட்டலாம். அங்கே விற்றதால் வருமானம் கூடியதா, ஏற்கெனவே நிலமும் வசதியும் உள்ளவர்கள்தான் காத்திருந்து அங்கே விற்க முடிகிறதா? அட்டவணை அதைச் சொல்லாது. 1922 முதல் இயங்கிவரும் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் இரண்டு ரகங்களை ஒப்பிட வேண்டும் என்றால் வயலைச் சிறு பாத்திகளாகப் பிரித்து, எந்தப் பாத்தியில் எந்த ரகம் என்பதைக் குலுக்கலில் முடிவு செய்வார்கள். மண்ணும் தண்ணீரும் இரண்டு ரகத்துக்கும் சமமாகக் கிடைக்கும். வித்தியாசம் வந்தால் அது ரகத்தால் வந்தது. நெல் விற்கும் விவசாயிகளை அப்படிப் பாத்தி கட்ட முடியாது. அதனால் சர்வே மட்டும் செய்தவர் "தொடர்பு இருக்கிறது" என்று எழுதலாம். "இதனால் அது நடந்தது" என்று எழுத இன்னும் நிறைய வேலை பாக்கி.

கேட்கப் போகிறவர்களுக்கு

பண்புசார் ஆய்வு சுலபம் என்று நினைத்து வருபவர்கள்தான் கடைசியில் அதிகம் திணறுகிறார்கள். சர்வே செய்தவருக்குத் தரவு கிடைத்ததும் பாதி வேலை முடிந்துவிடும். நேர்காணல் எடுத்தவருக்கு அப்போதுதான் வேலையே தொடங்கும். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தில் இறக்கவே ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். அதிலும் டெல்டாப் பேச்சுவழக்கை அப்படியே எழுத வேண்டும். நல்ல தமிழாக மாற்றிவிட்டால் பாதி விஷயம் போய்விடும்.

வியாபாரியிடம் ஏன் விற்றீர்கள் என்று கேட்டதற்கு ஒரு விவசாயி இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: "காயப்போட எடமில்ல தம்பி. ரோட்டுல கொட்டுனா பஸ்ஸுக்காரன் சத்தம் போடுறான். மானம் வேற மூடிக்கிட்டு நிக்குது. மக வளைகாப்பு வெள்ளிக்கெழம. அவருகிட்டதான் ஒரத்துக்கும் வாங்கியிருந்தேன், எப்படி மாத்திக் குடுக்குறது?"

ஐந்தே வாக்கியம். இதை "விலை" என்றோ "வசதி" என்றோ ஒரே தலைப்பில் போட்டு மூடிவிடக் கூடாது. முதல் மூன்று வாக்கியங்களும் நெல் காய வைக்கும் இடத்தையும் ஈரப்பதத்தையும் பற்றியவை. கொள்முதலுக்கு 17 சதவீத ஈரப்பதம் என்பது வழக்கமான வரம்பு. மழை கெடுத்த ஆண்டுகளில் மத்திய அரசு அதைத் தளர்த்தியதும் உண்டு. நான்காவது, பணம் எந்தத் தேதிக்குள் தேவை என்பது. ஐந்தாவதுதான் முக்கியம். உரத்துக்குக் கடன் கொடுத்தது வியாபாரி. அதனால் விற்பனை அறுவடை நாளில் முடிவாகவில்லை, உரம் வாங்கிய நாளிலேயே முடிவாகிவிட்டது. ஒவ்வொரு துண்டுக்கும் இப்படி ஒரு பெயர் கொடுத்துக்கொண்டே போவதைத்தான் குறியிடல் என்கிறோம். பத்துப் பேரின் பேச்சைக் குறியிட்ட பிறகு "கடன்" என்ற பெயர் எல்லா இடத்திலும் தலை காட்டினால், உங்கள் ஆய்வின் மையக்கரு அங்கே உருவாகத் தொடங்குகிறது. நீங்கள் முதலில் போட்டு வைத்திருந்த வினாப்பட்டியலில் "உரக் கடன்" என்று ஒரு கட்டமே இல்லாமல் இருந்திருக்கலாம். இந்த முறையின் பலம் அதுதான்: கேட்கத் தோன்றாததையும் அது கொண்டுவந்து கொடுக்கும்.

எங்கே, யார் முன்னால் கேட்கிறோம் என்பதும் தரவின் ஒரு பகுதி. வியாபாரி திண்ணையில் உட்கார்ந்திருக்க, கடன் பற்றிக் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணும் பிரச்சினை இல்லைங்க" என்றுதான் பதில் வரும். மாமியார் பக்கத்தில் இருக்கும்போது மருமகளிடம் கூலி யார் கைக்குப் போகிறது என்று கேட்பதும் அப்படித்தான். கேட்பவர் எந்தத் தெருவில் தங்கியிருக்கிறார் என்பதையும் ஊர் கவனிக்கும். சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1960களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டக் கிராமம் ஒன்றில் தங்கி, சாதியும் வர்க்கமும் அதிகாரமும் ஒன்றோடொன்று எப்படிப் பின்னியிருக்கின்றன என்று ஆராய்ந்தார். தங்கியது அக்கிரகாரத்தில். அதனால் சேரி மக்களோடு சகஜமாகப் பழகுவதில் தனக்கு ஏற்பட்ட தடையை அவரே பதிவு செய்திருக்கிறார். ஆய்வாளர் தன் நிலையை மறைக்காமல் எழுதுவது இந்த முறையில் பலவீனம் ஆகாது. எழுதாமல் விட்டால்தான் தேர்வாளர் கேள்வி கேட்பார். பெத்தேய்க்குச் சுமார் பத்தாண்டு முன்பு மானிடவியலாளர் கேத்லீன் கஃப் தஞ்சைப் பகுதிக் கிராமங்களில் தங்கி ஆய்வு செய்தார். 1976-இல் திரும்பி வந்து என்னென்ன மாறியிருக்கிறது என்று பார்த்தார். இருவருமே ஊர்களுக்குப் புனைபெயர் வைத்தார்கள். கஃபின் கும்பப்பேட்டையும் பெத்தேயின் ஸ்ரீபுரமும் எந்த வரைபடத்திலும் அந்தப் பெயரில் கிடைக்காது. ஊர்ப் பெயரைப் போட்டு, "மூன்று ஏக்கர் குத்தகைதாரர், வயது 52, இரண்டு மகள்கள்" என்றும் போட்டால், ஆள் பெயரை மறைத்து என்ன பயன்? அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

எத்தனை நேர்காணல் போதும் என்பதற்கு இங்கே சூத்திரம் கிடையாது. புதிதாக ஒன்றும் வராத நிலை வரும்வரை கேட்க வேண்டும் என்பது பொது விதி. 1967-இல் சமூகவியலாளர்கள் கிளேசரும் ஸ்ட்ராஸும் முன்வைத்த நிறைவு என்ற கருத்திலிருந்து வந்தது இது. 2006-இல் வெளியான, இன்றும் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வு ஒன்றில் 60 நேர்காணல்களை அலசிப் பார்த்து, முதல் 12-க்குள்ளேயே பெரும்பாலான மையக்கருக்கள் வந்துவிட்டதாகக் கண்டார்கள். இதைப் படித்துவிட்டு எல்லோரும் 12 என்று எழுதிவிடுகிறார்கள். அந்த ஆய்வில் பேசியவர்கள் ஓரளவு ஒரே மாதிரியான சூழலில் இருந்தவர்கள். நம் உதாரணத்தில் சொந்த நிலக்காரர், குத்தகைதாரர், வியாபாரி, மூட்டை தூக்கும் தொழிலாளி என்று நான்கு தரப்பு. ஒவ்வொரு தரப்பிலும் தனியாக அந்த நிறைவு வர வேண்டும். பன்னிரண்டை நான்கு பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு மூன்று. அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. தரப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இந்த முறையில் எழுதக் கூடாத வாக்கியம் ஒன்று உண்டு: "பேட்டி எடுத்த 15 பேரில் 9 பேர், அதாவது 60 சதவீதம் பேர், கடனைக் காரணமாகக் கூறினர்." பதினைந்து பேரைக் குலுக்கலில் எடுக்கவில்லை, அதிகம் சொல்லக்கூடியவர்கள் என்று தேடிப் பிடித்தீர்கள். அந்த 60 சதவீதம் யாருக்கும் பொருந்தாது. கடன் எப்படி விற்பனையைக் கட்டிப்போடுகிறது என்று எழுதுங்கள். அது எத்தனை பேருக்கு நடக்கிறது என்று தெரிய வேண்டுமென்றால் சர்வேக்குப் போங்கள்.

இரண்டையும் சேர்க்கப் போகிறவர்களுக்கு

கலப்பு முறை என்ற பெயர் பாடத்திட்டத்தில் பரவலாக வந்தது கடந்த முப்பது ஆண்டுகளுக்குள்தான். ஆனால் எண்ணிக்கையையும் விவரிப்பையும் ஒரே ஆய்வில் வைப்பது நம் பகுதிக்குப் புதிதல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் தன் மாணவர்களை வைத்துச் சில கிராமங்களை ஆய்வு செய்தார். அதில் இன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்த பாலக்குறிச்சியும் ஒன்று. நிலம், மக்கள், வருமானம் ஆகியவற்றின் கணக்கோடு ஊர் வாழ்க்கையின் விவரிப்பும் அதில் உண்டு. அதே கிராமங்களை 1930களிலும் 1980களிலும் மற்ற ஆய்வாளர்கள் மறுபடி ஆய்வு செய்ததால் இன்று ஒரு நூற்றாண்டு மாற்றத்தை ஒப்பிட முடிகிறது.

கலப்பு முறையில் வரிசைதான் எல்லாம். எதை முதலில் செய்வது என்பதை வைத்து மூன்று வடிவங்களை நூல்கள் சொல்கின்றன.

முதலில் எண்கள், பிறகு பேச்சு. சர்வே செய்கிறீர்கள். தலைஞாயிறு, வேதாரண்யம் போன்ற கடைமடைப் பகுதியில் ஓர் ஊரில் மட்டும் வியாபாரியிடம் விற்பவர்கள் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு என்று தெரிகிறது. ஏன்? அந்த ஊரிலிருந்தே எட்டுப் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்துப் பேசுகிறீர்கள். இங்கே நேர்காணலுக்கு யாரைக் கூப்பிடுவது என்பதை சர்வேயே சொல்லிக் கொடுக்கிறது. அது சொல்லிக் கொடுக்காமல், சர்வே ஓர் ஊரிலும் நேர்காணல் வேறோர் ஊரிலும் நடந்தால், இரண்டு அரை ஆய்வுகள் ஒரே அட்டைக்குள் கிடக்கும்.

முதலில் பேச்சு, பிறகு எண்கள். யாரும் அதிகம் ஆராயாத விஷயத்துக்கு இதுதான் நல்லது. 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னந்தோப்புகளை அடியோடு சாய்த்தது. அதன்பிறகு யார் மீண்டும் தென்னையே வைத்தார்கள், யார் வேறு பயிருக்கு மாறினார்கள், ஏன் என்று ஆராய வேண்டுமென்றால் வினாப்பட்டியலில் என்னென்ன காரணங்களைக் கட்டமாகப் போடுவது என்றே நமக்குத் தெரியாது. கன்று காய்க்க எடுக்கும் வருஷங்களா, சாய்ந்த மரத்தை அப்புறப்படுத்திய செலவா, பிள்ளை வெளிநாட்டில் இருப்பதா? முதலில் தோப்புக்காரர்களிடம் போய்ப் பேசுங்கள். அவர்கள் சொன்ன காரணங்களை, அவர்கள் சொன்ன சொற்களிலேயே வினாப்பட்டியல் ஆக்கிப் பிறகு நூற்றுக்கணக்கானவர்களிடம் கொண்டுபோங்கள்.

மூன்றாவது, இரண்டையும் ஒரே காலத்தில் செய்து கடைசியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. கால அவகாசம் குறைவாக உள்ள முதுகலை மாணவருக்கு இதுதான் நடைமுறையில் சாத்தியம். ஆனால் ஒப்பிடுவதற்கு இரண்டு பக்கமும் ஒரே விஷயத்தைக் கேட்டிருக்க வேண்டும். சர்வேயில் காத்திருப்பு நாட்களையும் நேர்காணலில் குடும்பக் கதையையும் கேட்டுவிட்டு வந்தால் ஒப்பிட ஒன்றும் இருக்காது.

இப்படிப் பக்கத்தில் வைக்கும்போது இரண்டும் ஒத்துப்போனால் மகிழ்ச்சி. ஒத்துப்போகாவிட்டால் பலர் பயந்து ஒன்றை மறைத்துவிடுகிறார்கள். எனக்கென்னவோ, சண்டை வரும் அந்த இடத்தில்தான் ஆய்வேட்டின் மதிப்பே இருக்கிறது என்று படுகிறது. வாய்மொழிக் குத்தகைதாரர் ஒருவர் சர்வேயில் "எங்கே விற்றீர்கள்?" என்ற கேள்விக்குக் "கொள்முதல் நிலையம்" என்ற கட்டத்தில் டிக் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேர்காணலில் கேட்டால், நெல் அங்கே போனது நிஜம்தான், ஆனால் சிட்டாவும் அடங்கலும் நிலச் சொந்தக்காரர் பெயரில் இருந்ததால் பணம் அவர் கணக்குக்குப் போனது என்று தெரிகிறது. அதில் குத்தகையைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்திருக்கிறார், அதுவும் மாதம் கழித்து. சர்வே பொய் சொல்லவில்லை. நேர்காணலும் பொய் சொல்லவில்லை. "கொள்முதல் நிலையத்தில் விற்றவர்" என்ற ஒரே கட்டத்துக்குள் இரண்டு விதமான மனிதர்கள் இருந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இதைக் கண்டுபிடித்தவர் சர்வேயின் அட்டவணையை உடைத்துத் திரும்பப் போட வேண்டியிருக்கும்: நெல் யார் பெயரில் பதிவானது, பணம் யார் கைக்கு வந்தது என்று இரண்டு நெடுவரிசைகளாக. கலப்பு முறை என்பது இப்படி ஒன்று மற்றொன்றைத் திருத்தும் வேலை. நான்காம் அத்தியாயத்தில் எண்கள், ஐந்தில் மேற்கோள்கள், இரண்டும் ஒன்றையொன்று ஏறெடுத்தும் பார்க்காமல் முடிந்தால் அது வெறும் ஒட்டுவேலை.

ஆகவே கலப்பு முறை உயர்ந்தது என்று நினைத்து அதை எடுக்காதீர்கள். இரண்டு திறமை வேண்டும், இரண்டு மடங்கு நேரம் வேண்டும். காலை உணவுத் திட்டம் வந்த பிறகு உங்கள் ஒன்றியத்துப் பள்ளிகளில் வருகை கூடியதா என்பது மட்டும்தான் கேள்வி என்றால், வருகைப் பதிவேடுகளைத் திட்டம் அந்தப் பள்ளிகளுக்கு வந்ததற்கு முன்னும் பின்னும் ஒழுங்காக ஒப்பிட்டால் போதும். அதோடு பேருக்கு ஐந்து ஆசிரியர்களின் பேட்டியைச் சேர்ப்பதால் ஆய்வு கனமாகும், ஆழமாகாது. நடவுக்கு விடியற்காலையில் கிளம்பும் தாய்மார்களின் காலைப்பொழுது இந்தத் திட்டத்தால் எப்படி மாறியது என்று கேட்டால், ஒரே ஒரு பள்ளியைச் சுற்றியுள்ள பத்துத் தாய்மார்களிடம் பொறுமையாகப் பேசினாலே நல்ல ஆய்வு ஆகும்.

நாள்காட்டியையும் பார்க்க வேண்டும்

முறையைத் தேர்ந்தெடுத்த பிறகும் டெல்டாவில் ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது. இங்கே களப்பணியின் தேதியைத் தண்ணீர்தான் முடிவு செய்யும். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 அன்று திறந்தால் குறுவை நடக்கும்; திறப்பு தள்ளிப்போனால் குறுவைப் பரப்பு சுருங்கி நேராகச் சம்பாவுக்குப் போய்விடுவார்கள். நடவு நடக்கும் வாரங்களில் பகலில் எந்த வீட்டிலும் ஆள் இருக்காது. மாலையில் வருபவர்கள் களைத்துப்போயிருப்பார்கள். 60 கேள்விகள் உள்ள வினாப்பட்டியலுக்கு நாற்பதாவது கேள்விக்குமேல் எல்லாவற்றுக்கும் "ஆமா, ஆமா" என்றுதான் பதில் வரும். அறுவடை நேரத்தில் கொள்முதல் நிலைய வாசலில் எல்லோரும் ஒரே இடத்தில் கிடைப்பார்கள், உண்மைதான். ஆனால் அலுவலர் காதில் விழுமே என்று அங்கே எதையும் மனம் திறந்து பேச மாட்டார்கள். அங்கே கவனித்துக் குறிப்பெடுத்துக்கொள்ளுங்கள். பேச்சை வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணுக்குப் பிறகு பேச்சு என்ற வரிசையை எடுத்தவர்கள் இந்தக் கணக்கை முதலிலேயே போட வேண்டும். சம்பா நெல் தையிலும் மாசியிலும் வரும். அப்போதே சர்வேயை முடித்து, பங்குனியில் எண்களைப் பார்த்து, வயலில் வேலை இல்லாத சித்திரையில் நேர்காணலுக்குத் திரும்பினால் ஆட்களும் கிடைப்பார்கள், விற்ற நினைவும் மறந்திருக்காது. கல்லூரியிலிருந்து வாங்க வேண்டிய அனுமதிக் கடிதத்தை மட்டும் மார்கழிக்குள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பொங்கல் விடுமுறை குறுக்கே வந்தால் கையெழுத்து வாங்கவே இரண்டு வாரம் போய்விடும், அதற்குள் முதல் லோடு நெல் விற்றுப்போயிருக்கும்.